தோணிக்குள் காடை

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில், வார்டுக் கதவு மூடுவதற்கு முன், தள்ளுவண்டியில் படுத்திருந்த என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துச் சொன்னது இதுதான்: "காடையப் பாத்துக்க புள்ள. மத்ததெல்லாம் தன்னத்தானே பாத்துக்கும்."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. நெஞ்சுக்குள் இரண்டு இடத்தில் அடைப்பு, கம்பி போட வேண்டும், அதற்கு முன் சீனியும் பிரஷரும் இறங்க வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தாலி கட்டிக்கொண்டவள் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். பயப்படாதே என்று ஒரு சொல் இல்லை. ஐந்து காடைக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை.

"ஓம் ஓம், உங்கட ராசாக்கள நான் பாத்துக்கிறன். நீங்க உங்கட நெஞ்சப் பாருங்க" என்றேன். அவர் சிரித்தார். கதவு மூடியது.

ஆண்கள் வார்டில் பெண்கள் தங்க முடியாது. என் தம்பி அவரோடு நின்றான். நான் பஸ் ஏறிப் பெரியகல்லாற்றுக்குத் திரும்பினேன். வழி முழுக்க மழை. கார்த்திகை மாதத்தில் மழை பெய்யாமல் வேறு என்ன செய்யும்? ஆனால் அன்றைக்கு அந்த மழை எனக்கென்றே பெய்வது போல இருந்தது.

அவர் ஆற்றில் மீன் பிடிக்கிறவர். வாவி என்று எழுதுவார்கள், நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். முதல் தடவை நெஞ்சு நொந்தபோதே இனி வலை இழுக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். தோணியைக் கரைக்கு இழுத்து, வளவின் பின்பக்கம் பூவரச மரத்தடியில் கவிழ்த்து வைத்தார். கை சும்மா இருக்காத மனிதர். பழைய வலையையும் கம்பி வலையையும் சேர்த்துக் கட்டி, ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய ஒரு பெரிய கூண்டு செய்தார். அதற்குள் லவ் பேர்ட்ஸ், ஜாவாக் குருவி, நாலைந்து புறா. கிரானில் முட்டைக்குக் காடை வளர்க்கும் அவருடைய கூட்டாளி ஒருவர் ஐந்து காடைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே இருப்பவை சிந்துகிற தினையை இவை கீழே பொறுக்கித் தின்னும், ஒரு தொல்லையும் இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்.

தொல்லை இல்லையாம். காடை வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வேறு வேலையே இல்லை. கூண்டின் ஒரு மூலைக்கு மேலே இருந்த தடிகளை எல்லாம் கழற்றினார், புறா எச்சம் காடையின் தலையில் விழக்கூடாதாம். சுவரோடு சரித்து ஒரு பலகை. பலகைக்கு முன்னால் இலுக்குப் புல்லைக் கொத்தாக நட்டார். காடை வெருண்டால் ஓடாது, நேரே மேலே பாயும், பாய்ந்து கூரையில் தலையை அடித்துக்கொள்ளும் என்று சொல்லி, அந்த மூலையின் கூரைக்குக் கீழே தான் உடுத்த பழைய சாரம் ஒன்றை இழுத்துக் கட்டினார். நல்ல சாரம். நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"காடைக்கு மெத்தை போட்ட கூரை. எங்கட குசினி ஒழுகுது, அது கண்ணுக்குத் தெரியா" என்றேன்.

"அதுக்கு மறைப்பு வேணும் புள்ள. ஆரும் பாக்காத இடம் வேணும்" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனிசருக்கே கிடைக்காத இடத்தைக் காடைக்குத் தேடுகிறார் என்று அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன்.

அக்கா பக்கத்து வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் ஒரே வளவில் இரண்டு சகோதரிகளும் இரண்டு மருமகன்மாரும். அக்காவின் வீட்டுக்காரரான அத்தானுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் வயல். மழைக்காலம் வந்தால் இந்த இரண்டு மருமகன்மாருக்கும் ஒத்துப்போகாது. காரணம் ஆற்றுவாய். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் மணல்திட்டு மூடிக் கிடக்கும். மழைத் தண்ணீர் நிறைந்தால் அதை வெட்டிக் கடலுக்கு விட வேண்டும். சீக்கிரம் வெட்டினால் இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்பார் இவர். பிந்தினால் வயல்வட்டை முழுக்கத் தண்ணீரில் கிடந்து பயிர் அழுகும் என்பார் அத்தான். நான் எப்போதும் இவர் பக்கம். மீன்காரனைக் கட்டினவள் வேறு எந்தப் பக்கம் நிற்பாள்?

அந்த மழையில்தான் நான் பக்கம் மாறினேன்.

சோனாவாரியாக ஊற்றியது. ஆறு வளவின் பின்வேலிக்கு வந்தது, வேலியைத் தாண்டியது. பட்டிருப்புப் பக்கம் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறது, பஸ் இல்லை என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வழி இல்லை. தம்பி போனில் சொல்வதுதான் எனக்குச் செய்தி.

"பிரஷர் இன்னும் இறங்கேல்ல அக்கா. ஆள் நித்திரை கொள்றார் இல்ல. ஆராவது கதவத் தட்டினாலும் திடுக்கிட்டு எழும்புறார்."

"ஏன் திடுக்கிடுறார்?"

"தெரியா. நீங்க யோசிக்காதீங்க."

யோசிக்காதே என்று சொன்னால் யாருக்கு யோசனை நிற்கும்? போனை வைத்துவிட்டுக் கூண்டுக்குப் போனேன். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்பார்கள். காடையின் தலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? ஒரு சாண்கூட இல்லை. புறாவும் லவ் பேர்ட்ஸும் மேலே தடியில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தன. கீழே இலுக்குப் புல்லின் அடியில் தண்ணீர் மினுங்கியது. ஐந்து காடைகளும் பலகைக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத குறையாக ஒடுங்கி நின்றன. தடியில் ஏறத் தெரியாத பிறவிகள். தண்ணீர் வந்தால் அந்த இடத்திலேயே நின்று சாகும்.

அந்த நேரத்தில் எனக்குள் ஒரு பைத்தியக்கார எண்ணம் புகுந்துகொண்டது. இந்த ஐந்தும் இருந்தால் அவரும் இருப்பார். ஒன்று போனால் அவருக்கும் ஏதோ நடக்கப் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா திருநீறு போட்டுவிடுவாள். ஆனால் நெஞ்சில் ஏறிக் குந்திக்கொண்ட அந்த எண்ணத்தை இறக்க என்னால் முடியவில்லை.

தண்ணீர் வந்தால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாக வேலை செய்யும். தூக்கு, உயரத்தில் வை. சுனாமி எங்களுக்குப் படிப்பித்த பாடம் அது. அடையாள அட்டையும் காணி உறுதியும் உள்ள பை எல்லா வீட்டிலும் உயரத்தில் ஆணியில்தான் தொங்கும். அரிசி மூட்டை கட்டிலுக்கு மேலே, கதிரை மேசைக்கு மேலே, டிவி அலுமாரிக்கு மேலே. நானும் அதைத்தான் செய்தேன். ஐந்து காடைகளையும் பிடித்துக் கோழி கொண்டுபோகும் கம்பிக்கூடைக்குள் விட்டேன். முன் விறாந்தையில் மேசை, மேசைக்கு மேலே பெட்டி, பெட்டிக்கு மேலே கூடை. நல்ல காற்று, நல்ல வெளிச்சம், பூனை எட்டாது, தண்ணீர் ஆள் உயரத்துக்கு வந்தாலும் எட்டாது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. அவர் கேட்டால் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணீர் போடக் குசினிக்குப் போனேன்.

தகரக் கூரையில் மழை பலமாக இறங்கியது. அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது. டங். மறுகா டங், டங். ஓடி வந்தேன். காடைகள் கூடைக்குள் ஒன்றன் பின் ஒன்றாக நேரே மேலே பாய்ந்து கம்பியில் தலையை அடித்துக்கொண்டிருந்தன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். காடையின் கண்ணுக்கு வெளிச்சமெல்லாம் பேய். நான் கிட்டப் போகப் போக இன்னும் பாய்ந்தன. இறங்குங்கடி, இறங்குங்கடி என்று மனிசரிடம் கத்துவது போலக் கத்தினேன். கூடையை இறக்கும்போது ஒன்று அடியில் காலை நீட்டிக் கிடந்தது. தலையில் தோல் உரிந்து, நெல்மணி அளவு இரத்தம்.

கையில் எடுத்தேன். சூடாகத்தான் இருந்தது. தலை மட்டும் என் விரலுக்கு வெளியே தொங்கியது.

அக்கா ஓடி வந்து பார்த்தபோது நான் விறாந்தைத் தரையில் இருந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தேன். "காடைக்கா தங்கச்சி இப்படி அழுவாய்?" என்றாள். போன் மணி அடித்தது. அதை எடுக்கப் பயந்து அவளிடம் நீட்டினேன். தம்பிதான். ஒன்றும் இல்லை, அவர் கஞ்சி குடித்தாராம், காடை எப்படி என்று கேட்கச் சொன்னாராம். அக்கா என்னைப் பார்த்தாள். "இருக்காம் எண்டு சொல்லு மனே" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தக் குழப்பத்தில் கூடையின் கதவு திறந்து கிடந்ததை யாரும் பார்க்கவில்லை. நாலும் வெளியே வந்து வீட்டுக்குள் ஓடிவிட்டன. சாமி அறையில் இல்லை, குசினியில் இல்லை. கடைசியில் எங்கள் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். பழைய வலைச் சிப்பத்துக்கும் சுவருக்கும் நடுவில், தூசியும் இருட்டுமாக இருந்த இடுக்கில், நாலும் குந்தியிருந்தன. பாயவில்லை. நடுங்கவில்லை. ஒன்று தூசியில் இறகை விரித்துக் குளிக்கவும் தொடங்கியிருந்தது. மழை அதே சத்தத்தோடுதான் பெய்துகொண்டிருந்தது.

தரையில் வயிறு பட அப்படியே படுத்துக் கிடந்தேன். ஆரும் பாக்காத இடம் வேணும். அவர் சொன்னதை அப்போதுதான் கேட்டேன். நான் கொடுத்தது உயரம். அவை கேட்டது மறைப்பு. உயரம் நாங்கள் தண்ணீருக்குப் பயந்து கண்டுபிடித்தது. காடை ஆகாயத்துக்குப் பயந்த சாதி. அதைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்துவிட்டு, காப்பாற்றினேன் என்று தேத்தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறேன்.

ஆனால் கட்டிலுக்குக் கீழேயும் விட்டுவைக்க முடியாது. தண்ணீர் பின்வாசலின் முதல் படியில் நின்றது. பொழுது படுவதற்குள் குசினிக்குள் வந்துவிடும். தரையும் வேண்டும், அந்தத் தரை தண்ணீரோடு சேர்ந்து உயரவும் வேண்டும். அப்படி ஒரு தரை எங்கே இருக்கிறது? பின்வாசலில் நின்று ஆற்றை முறைத்துப் பார்த்தேன். பூவரச மரத்தடியில், கவிழ்த்து வைத்த தோணியின் முதுகு தண்ணீருக்கு மேலே கறுப்பாகத் தெரிந்தது.

அத்தானைக் கூப்பிட்டேன். வட்டையை நினைத்து முகம் கறுத்துப்போய் இருந்த மனிதர். ஆற்றுவாய் எப்போது வெட்டுவார்கள் என்று காலையிலிருந்து பத்துப் பேருக்குப் போன் எடுத்துக் களைத்திருந்தார்.

"என்ன மச்சாள், இந்த மழைக்குள்ள தோணி எதுக்கு?"

"காடைக்கு."

ஒரு கணம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று இருவரும் தோணியைப் புரட்டி, உள்ளே இருந்த தண்ணீரை இறைத்து, கயிற்றால் பூவரசில் கட்டினோம். வெயிலில் காய்ந்த மரம், முதலில் ஒழுகும், ஊறினால்தான் அடைபடும். அது எனக்குத் தெரியும். அதனால் உள்ளே பலகையை உயர்த்திப் போட்டு, அத்தானின் மாட்டுக்கு வைத்திருந்த காய்ந்த வைக்கோலை அதன் மேல் கனமாகப் பரப்பினோம். மேலே வளைத்த தடிகள், தடிக்குமேல் பின்னிய தென்னோலைக் கிடுகு, கிடுகுக்கு மேல் தறப்பாள். உள்பக்கமாக, கூண்டிலிருந்து கழற்றிய அந்தப் பழைய சாரத்தைக் கட்டினேன். காடைகளை என் சேலைத் தலைப்புக்குள் மூடி எடுத்துவந்து விட்டேன். வைக்கோலுக்குள் புகுந்தன. சத்தமே இல்லை.

"ஒரு வெள்ளாமைக்காரன்ட வைக்கோலும் மீன்காரன்ட தோணியும் ஒண்டாச் சேந்திருக்கு. இத உன்ட புரிசன் பாக்கோணும்" என்றார் அத்தான்.

பாக்கோணும் என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. "பாப்பார்" என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

அதன் பிறகு என் வேலை இறைப்பதுதான். தகரப் பேணியை எடுத்துக்கொண்டு அடிக்கடி போய்த் தோணிக்குள் ஊறின தண்ணீரை இறைத்துவிட்டு வந்தேன். கயிறு இறுகுகிறதா, தளர்கிறதா என்று பார்த்தேன். ஆற்றுவாயை வெட்டுங்கள், வெட்டுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இறால் போனால் போகட்டும். அவர் கேட்டால் சண்டைக்கு வருவார். வரட்டும். எழும்பி வந்து சண்டை பிடிக்கட்டும்.

அடுத்த நாள் பெக்கோ மெசின் வந்து மணலை வெட்டியதாக அத்தான் ஓடி வந்து சொன்னார். ஆறு கடலுக்குள் விழும் இரைச்சல் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிய இறங்கியது. தோணி மெல்ல இறங்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஈர மணலில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது. கிடுகை நீக்கிப் பார்த்தேன். நாலும் இருந்தன. வைக்கோலுக்குள் புள்ளி போட்ட ஒரு முட்டை. வெருண்ட காடை முட்டை இடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும்போதுதான் தம்பி போன் எடுத்தான். பிரஷர் இறங்கிவிட்டது, கம்பி போட உள்ளே கொண்டு போகிறார்கள் என்றான். முட்டையை அது கிடந்த இடத்திலேயே வைத்துக் கிடுகை மூடினேன். மறுபடி தம்பி போன் எடுக்கும் வரை அந்தத் தோணியை விட்டு நான் அசையவில்லை. எல்லாம் நல்லபடி முடிந்தது என்றான். அப்போதுதான் மணலில் குந்தினேன்.

கூண்டின் தரை காயும் வரை காடைகளைத் தோணியிலேயே விட்டிருந்தேன். ரோட்டுத் தண்ணீர் வடிந்த பிறகு அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மெலிந்துபோயிருந்தார். எங்கள் வழக்கப்படி முன் ஹோலில், வாசலுக்கு நேரே, உயரக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தோம். பார்க்க வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மனம் நோவார்கள். வந்தார்கள். தோடம்பழத்தோடும் பால்மாவோடும் ஊர் முழுக்க வந்தது. ஒவ்வொருவரும் கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தி, இதே நெஞ்சு வருத்தத்தில் செத்துப்போன ஒருவருடைய கதையை விபரமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் எல்லோருக்கும் சிரித்தார். நெற்றியில் மட்டும் வியர்வை.

குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹோலில் யாரோ ஒரு எவர்சில்வர் கோப்பையைத் தட்டிவிட்டார்கள். அது உருண்டு ஓய்ந்த பிறகு எட்டிப் பார்த்தேன். வந்தவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலில் ஆள் இல்லை.

"இப்பதான் பாத்ரூமுக்கு எண்டு எழும்பினவர்" என்றாள் அக்கா.

பாத்ரூமில் இல்லை. பின்பக்கம் ஓடினேன். கூண்டுக்குள் இல்லை. தோணியின் விளிம்பில், கிடுகுக்கு வெளியே, அவருடைய ஒரு பாதம் தெரிந்தது. அசைவில்லை. கிடுகின் நுனியைத் தூக்கிப் பார்க்க எனக்கு இருந்த பயத்தைப் போல ஒன்றை அந்த வெள்ளத்திலும் நான் படவில்லை.

தூக்கினேன். வைக்கோலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அவருடைய வயிற்றுக்கும் முழங்காலுக்கும் நடுவில் நாலு காடையும் குந்தியிருந்தன. அவருடைய வயிறு ஏறி இறங்கியது. கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஒண்டு குறையுது புள்ள."

"ஓம்" என்றேன். "உயரத்தில தூக்கி வெச்சிட்டன். வெளிச்சத்தில. பாஞ்சு பாஞ்சு தலைய அடிச்சிக்கிட்டு."

ஒரு காடையின் முதுகை ஒரு விரலால் தடவினார்.

"ஆஸ்பத்திரியிலயும் உயரக் கட்டில்தான்" என்றார். "மேல லைட். போற வாறவனெல்லாம் எட்டிப் பாக்கிறான். நெஞ்சு அடிச்ச அடி எனக்குத்தான் தெரியும். உன்னட்ட சொன்னா நீ பயப்பிடுவாய். இப்ப இஞ்சயும் வாசலுக்கு நேர போட்டிருக்கிறாய்."

முன்வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. புதிதாக வந்தவர்கள். "எங்க, தங்கச்சி, ஆள்?" என்று அக்கா உள்ளிருந்து கூப்பிட்டாள்.

நான் அவருடைய பாதத்தை மெல்லத் தூக்கி உள்ளே வைத்தேன். கிடுகை இழுத்து மூடினேன்.

"நித்திரை" என்று அங்கிருந்தே கத்தினேன். "எழுப்ப ஏலா. மறுகா வரச் சொல்லு."